ஆசிரியரில்லாக் கிட்டார்ப் பயிற்சி: கட்டணமற்ற இணையப் பாடங்களும் தென்காசி வட்டார இசையறிவும்

ஆய்வுச்சுருக்கம்

கிட்டார் கற்பிப்போர் அருகில் இல்லாத ஊர்களில், இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்களே அக்கருவியைக் கற்பதற்குரிய முதன்மை வாயிலாக இன்று அமைந்துள்ளன. இப்பாடங்கள் விரல் வைக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயின் கருவி ஒலிப்பதற்கும் காது எதிர்பார்ப்பதற்கும் இடையே நேரும் முரணைத் தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அம்முரணின் காரணம் அறியாத மாணவர் தம் செவியையே ஐயுற்றுப் பயிற்சியைக் கைவிட நேர்கின்றது. தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரின் சுருதி ஆராய்ச்சி, எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியின் கமகக் குறியீடு ஆகியவற்றின் துணைகொண்டு இம்முரணை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கிட்டார், இணையவழிக் கற்றல், மெட்டு, சமப்பகுப்பு, ஆபிரகாம் பண்டிதர், கமகம், தென்காசி.

முன்னுரை

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகளில் மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. தென்காசியிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலியில் இத்தகைய பள்ளியொன்று உள்ளது. மேற்கூறிய ஏழனுள் கிட்டார் இல்லை. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. அப்பள்ளிகளின் நோக்கம் மரபிசையைப் பேணுதல். எனினும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் போன்ற ஊர்களில் பள்ளி, கல்லூரி மாணவரிடையே விருப்பத்தோடு வாங்கப்படும் கருவியாகக் கிட்டார் இருக்கின்றது. தேவாலயப் பாடற்குழுக்களிலும் திரையிசை மேடைகளிலும் அதன் ஒலி இவ்வட்டாரத்திற்குப் பழகியதே. கருவி கடையில் கிடைக்கின்றது. அதனைக் கற்பிப்பவர் கிடைப்பது அரிது.

இந்த இடைவெளியை நிரப்பியது இணையம். ஆத்திரேலியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய ஜஸ்டின் சாண்டர்கோ என்னும் கிட்டார் ஆசிரியர் 2003ஆம் ஆண்டில் தம் பாடங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். 2005இல் யூடியூப் தோன்றியபின் அத்தகைய பாடங்கள் காணொலி வடிவில் பெருகின. இந்தியாவில் 2016 செப்டம்பருக்குப் பின் கைப்பேசித் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தமையால், காணொலி பார்த்துக் கற்றல் சிற்றூர்களுக்கும் இயல்வதாயிற்று. இன்று குற்றாலத்துச் சாரலில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவர், இலண்டனில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் விரலசைவை வேண்டுமளவு மெதுவாக்கிப் பார்க்கலாம். முந்தைய தலைமுறைக்கு இவ்வாய்ப்பு இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து சென்னை சென்ற இளையராஜா, மேற்கத்திய இசையிலக்கணத்தைத் தன்ராஜ் மாஸ்டரிடம் நேரில் அமர்ந்தே கற்க வேண்டியிருந்தது.

கிடைப்பது பாடம் மட்டுமே. பாடத்தைக் கேட்டு, மாணவர் வாசிப்பதைக் கேட்டு, ‘இது சரி, இது பிசகு’ என்று சொல்லும் செவி அதனுடன் வருவதில்லை. இணையக் கற்றல் பற்றிய உரையாடல்களில் இக்குறை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் கிட்டாரைப் பொறுத்தவரை இக்குறை எங்கே, எவ்வாறு கடிக்கின்றது என்பது போதிய அளவு விளக்கப்படவில்லை.

பாடங்களின் அமைப்பு

கட்டணமற்ற தொடக்கநிலைப் பாடங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்தவை. கருவியைப் பிடிக்கும் முறை, சுருதி சேர்த்தல், இரண்டு மூன்று எளிய கார்ட்கள், அவற்றிடையே விரல் மாற்றும் பயிற்சி, தாளத்திற்கேற்பத் தந்திகளை வீசுதல், பின்னர் ஒரு பாட்டு. கார்ட் என்பது மூன்றோ அதற்கு மேற்பட்டோ உள்ள சுரங்களை ஒருசேர ஒலித்தல். தமிழில் கிடைக்கும் காணொலிகளுள் பல இன்னும் விரைவாகப் பாட்டிற்கு வந்துவிடுகின்றன. ஒரு திரைப்பாடல், அதற்குரிய நான்கு கார்ட்கள் என்ற அளவில் அவை நிற்கின்றன. பாடலின் ஈர்ப்பு பெரிது. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) திரைப்படத்தில் கிட்டார் ஒலியோடு தொடங்கும் பாடலைக் கேட்டே கருவியை விரும்பியவர் பலர். ஆனால் அப்பாடலின் தொடக்கம், தந்திகளைத் தனித்தனியே விரல்களால் மீட்டும் வேலை. நான்கு கார்ட் பாடம் அதற்குப் போதாது.

இப்பாடங்களின் உண்மையான வலிமை, பார்த்துச் செய்யக்கூடியவற்றைக் கற்பிப்பதில் உள்ளது. விரலை மெட்டின் மேலேயே வைக்காமல் மெட்டை ஒட்டிப் பின்னால் வைத்தல், பெருவிரலைத் தண்டியின் பின்புறம் தளர்வாக வைத்தல், விரல் நுனி அடுத்த தந்தியைத் தொடாதவாறு வளைத்தல் ஆகியவற்றை நல்ல காணொலியொன்று ஐந்து நிமிடத்தில் தெளிவாக்கும். முதற் சில வாரங்களில் விரல் நுனிகள் வலித்துப் பின்னர்க் காய்ப்பு ஏறும் என்பதையும் முன்னரே சொல்லி அச்சம் போக்கும். எதிரே அமர்ந்திருப்பவரைப் பார்த்துக் கற்கும்போது இடவலம் மாறித் தோன்றும் குழப்பம் மட்டும் சிலநாள் இருக்கும்.

கேட்டுச் செய்ய வேண்டியவற்றில்தான் இடர் தொடங்குகின்றது.

மெட்டும் செவியும்

இவ்விடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தென்காசியில் வளரும் மாணவர் ஒருவர், கோயில் நாகசுரத்தையும் வீட்டில் ஒலிக்கும் பக்திப் பாடல்களையும் கேட்டுப் பழகியவர், கைப்பேசியில் தம்புராச் செயலியை ஒலிக்கவிட்டு அதன்மேல் கிட்டாரில் சங்கராபரணச் சுரங்களை வாசிக்கின்றார் என்று கொள்வோம். சுருதி காட்டும் செயலியின் துணையோடு ஆறு தந்திகளையும் பிசகின்றிச் சேர்த்திருக்கின்றார். சட்சமம் பொருந்துகின்றது; பஞ்சமம் பொருந்துகின்றது. அந்தர காந்தாரம் மட்டும் சற்றே தூக்கலாக ஒலிக்கின்றது. செயலியோ சரி என்கின்றது. மீண்டும் வாசித்தாலும் அதே தூக்கல். தம் காது பழுது என்றோ, வாங்கிய கருவி மட்டமானது என்றோ அவர் முடிவு செய்வதற்கு எல்லா நியாயமும் இருக்கின்றது. இரண்டும் தவறான முடிவுகள்.

தந்தியின் நீளத்தைக் கொண்டு இதனை அளந்து பார்க்கலாம். பல கிட்டார்களில் மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 648 மி.மீ. (வீணைக்குரிய மேரு, குதிரை, மெட்டு, தண்டி, பிரடை ஆகிய சொற்கள் கிட்டாரின் உறுப்புகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன.) தம்புராவின் தந்தியை மீட்டும்போது சட்சமத்தோடு தானாக எழும் காந்தாரம், அடிப்படை அதிர்வின் ஐந்தாம் மடங்கிலிருந்து பிறப்பது. அதே காந்தாரத்தைக் கிட்டாரின் தந்தியில் பெற வேண்டுமானால் நீளத்தில் ஐந்திலொரு பங்கைக் குறைக்க வேண்டும்; அதாவது மேருவிலிருந்து 129.6 மி.மீ. தொலைவில் அழுத்த வேண்டும். ஆனால் கிட்டாரின் நான்காம் மெட்டு இருப்பது 133.7 மி.மீ. தொலைவில். நான்கு மி.மீ. வேறுபாடு. ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால் ஏறத்தாழப் பதினான்கு கூறு அளவுக்குக் கிட்டாரின் காந்தாரம் உயர்ந்து ஒலிக்கின்றது. பஞ்சமத்தில் நிலைமை வேறு. தூய பஞ்சமம் 216 மி.மீ. தொலைவில் பிறக்கும், ஏழாம் மெட்டு இருப்பது 215.5 மி.மீ. தொலைவில். அரை மி.மீ. வேறுபாட்டைச் செவி பொருட்படுத்துவதில்லை. மாணவர் கேட்டது கேட்டபடியே உண்மை.

மெட்டுகள் இவ்வாறு அமையக் காரணம் சமப்பகுப்பு. ஒரு சட்சமத்திற்கும் மேல் சட்சமத்திற்கும் இடைப்பட்ட பகுதி, கிட்டாரில் பன்னிரண்டு சமமான படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் 1.0595 மடங்கு, இதனைப் பன்னிருமுறை பெருக்கினால் இரண்டு வரும். இதனால் எந்தச் சுரத்தைச் சட்சமமாகக் கொண்டாலும் இடைவெளிகள் மாறாமல் இருக்கும். கார்ட்களை எந்தச் சுருதிக்கும் நகர்த்தலாம். அந்த வசதிக்குக் கொடுத்த விலையே காந்தாரத்தின் தூக்கல்.

செவியை மட்டும் நம்பிச் சுருதி சேர்ப்போர்க்கு இவ்விலை வேறொரு வடிவில் தோன்றும். கிட்டாரின் அடுத்தடுத்த தந்திகள் மத்திம இடைவெளியில் அமைந்தவை. மூன்றாம் இரண்டாம் தந்திகளுக்கு இடையே மட்டும் காந்தார இடைவெளி. நான்கு மத்திமங்களையும் ஒரு காந்தாரத்தையும் அணுவளவும் பிசகாமல் தூயனவாகச் சேர்த்தால், ஆறாம் தந்திக்கும் முதல் தந்திக்கும் இடையே சரியாக இரண்டு தாயி வரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். வராது. 4/3ஐ நான்குமுறை பெருக்கி 5/4ஆல் பெருக்கினால் கிடைப்பது 320/81. நான்கு ஆவதற்கு 81/80 அளவு குறைகின்றது. நுண்செவியுடைய மாணவர் எவ்வளவு கவனமாகச் சேர்க்கின்றாரோ அவ்வளவு உறுதியாக முதல் தந்தி பிசகும். இதனை யாரும் சொல்லாதவிடத்து, கவனமே தண்டனையாகிவிடுகின்றது.

வீணையில் இச்சிக்கல் இவ்வடிவில் எழுவதில்லை. வீணைக்கும் ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. ஆனால் அவை மெழுகின்மேல் நிறுத்தப்படுவன. கைவினைஞர் செவியால் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி அமைப்பார். இதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். நாளடைவில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மீண்டும் மேளம் கட்டுவர். கிட்டாரின் மெட்டுகளோ கணக்கின்படி மரத்தில் அறுத்துப் பதிக்கப்பட்டவை. வீணையின் மெட்டில் ஒரு மனிதரின் செவி இருக்கின்றது; கிட்டாரின் மெட்டில் ஓர் எண் இருக்கின்றது.

சாம்பவர் வடகரையிலிருந்து ஒரு கணக்கு

அந்த எண்ணைத் தமிழில் மிக விரிவாக ஆராய்ந்தவர் இவ்வட்டாரத்தில் பிறந்தவர் என்பது, கிட்டார் மாணவர்க்கு எவரும் சொல்லாத செய்தி. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இசை பயின்று, பின்னர்த் தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ்பெற்றார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசைமாநாடுகளைத் தம் செலவில் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசைமாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். அவர்தம் புதல்வியர் அங்கே இசைத்துக் காட்டினர். ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் 1917இல் வெளிவந்தது.

அந்நூலின் மையச் சிக்கல் மேலே கண்ட கிட்டார்ச் சிக்கலேதான். சட்சமத்திலிருந்து பஞ்சமம், அதனைச் சட்சமமாகக் கொண்டு மற்றொரு பஞ்சமம் என்று ச-ப முறையில் பன்னிரண்டு அடி சென்றால், தொடங்கிய சுரத்திற்கே மீள வேண்டும். பஞ்சமத்தை 3/2 என்று கொண்டால் வட்டம் மூடுவதில்லை. சிறு மிச்சம் நிற்கின்றது. சாரங்கதேவர் வழிவந்த இருபத்திரண்டு சுருதிக் கணக்கைப் பண்டிதர் மறுத்ததற்கு இத்தகைய மூடாத கணக்குகள் முக்கியக் காரணம். சிலப்பதிகாரத்தின் ஆயப்பாலை, வட்டப்பாலை பற்றிய செய்திகளை ஆதாரமாகக் கொண்டு, பழந்தமிழர் தாயியைப் பன்னிரண்டு சமபாகமாகவும் அதன் நுட்பமாக இருபத்துநான்கு சமபாகமாகவும் பகுத்தனர் என்று அவர் நிறுவ முயன்றார். இம்முடிவில் அறிஞரிடையே முழு உடன்பாடு ஏற்படவில்லை. பாடகரின் குரல் நிலையான படிகளில் நிற்பதில்லை என்பதும், கமகம் சுரத்தை அசைத்துக்கொண்டே இருக்கின்றது என்பதும் வலுவான எதிர்வாதங்கள். சிலப்பதிகார உரைப்பகுதிகளை அவர் கொண்ட பொருளும் விவாதத்திற்குரியதே.

வரலாற்று முடிவாக ஏற்பினும் ஏற்காவிடினும், கிட்டார் மாணவர்க்கு அந்நூல் தரும் பயன் ஐயத்திற்கிடமற்றது. தமது கையிலுள்ள கருவியின் பன்னிரு மெட்டுகள் ஏன் இவ்விடைவெளிகளில் உள்ளன என்பதைத் தமிழிலேயே, தமிழ்ச் சொற்களிலேயே, எண்களோடு அங்கே படிக்கலாம். பெருநூல் இணைய நூலகங்களில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. அதன் அட்டவணைகள் அச்சுறுத்துவன என்பதை மறுப்பதற்கில்லை. நடையும் இன்றைய மாணவர்க்குப் பழக்கமற்றது. ஆனால் கிட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு படித்தால், பன்னிரண்டின் கணக்கு கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது. இருபத்துநான்கின் கணக்கோ இரு மெட்டுகளுக்கு நடுவே விழுகின்றது. அவ்விடத்தை அழுத்தினால் பயனில்லை. தந்தி முன்னுள்ள மெட்டின்மேலேயே நிற்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அந்த ஒலி பிறக்கும்.

குறியீடு காட்டும் வழி

தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவதற்கு மேற்கத்திய கிட்டார்ப் பாடங்களில் ‘பெண்ட்’ என்று பெயர். அதனை நடுநிலைப் பாடமாக, பெரும்பாலும் புளூஸ் இசையோடு சேர்த்துக் கற்பிப்பர். தென்னக இசையில் இதற்கு ‘ஒதுக்கல்’ என்ற பெயர் பழமையானது. எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்தியா விலாசினி அச்சகத்தில் 1904இல் அச்சான ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஒதுக்கல், ஏற்ற சாரு, இறக்க சாரு, நொக்கு, கம்பிதம் முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்து, அவற்றின் இயல்பையும் விளக்கினார். மூலநூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்திலான பதிப்பைச் சென்னை மியூசிக் அகாதெமி பின்னர் வெளியிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

எட்டயபுரத்திற்கு இதில் மற்றோர் உரிமையும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியக் கருவியாகிய வயலினைக் கற்று, அதனைத் தென்னக இசைக்கு ஏற்றவர்களுள் முன்னோடி; எட்டயபுர அரசவை வித்துவானாக விளங்கியவர். சுப்பராம தீட்சிதர் அவருக்கு மகவாக வந்தவர். அயல்நாட்டுக் கருவியொன்று உள்ளூர்க் காதுக்குப் பணிந்த வரலாறு தென்காசிக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. கிட்டாருக்கு அத்தகைய முயற்சி பின்னரே வந்தது. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிட்டாரில் கருநாடக இசைக் கச்சேரிகள் நிகழ்த்தி, ஒதுக்கலும் சாருவும் மெட்டுள்ள இக்கருவியில் இயல்வன என்று காட்டினர்.

கிட்டார் மாணவர் இணையத்தில் காணும் குறியீட்டு முறை ‘டேப்’ எனப்படும். ஆறு கோடுகள் ஆறு தந்திகளைக் குறிக்கும்; கோட்டின்மேலுள்ள எண் மெட்டைக் குறிக்கும். இது புதுமையன்று, ஐரோப்பாவில் லூட் கருவிக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய குறியீடு வழங்கியது. டேப்பிலும் வழுக்கலுக்குச் சாய்கோடும், இழுப்புக்கு வளைகோடும் உண்டு. ஏற்ற சாருவும் இறக்க சாருவும் ஒதுக்கலும் இங்கே உருமாறி நிற்கின்றன. ஆயினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. டேப் ‘எந்த மெட்டு’ என்று சொல்கின்றது. எந்தச் சுரம் என்று சொல்வதில்லை. பிரதர்சினி சுரத்தைச் சொல்லி, அதனை எவ்வாறு அசைப்பது என்று சொல்கின்றது. விரல் எங்கே என்பதை வாசிப்பவரிடம் விட்டுவிடுகின்றது. டேப்பை மட்டும் நம்பிக் கற்றவர் நூறு பாடல்களை வாசிக்கலாம். ஆனால் கேட்ட மெட்டொன்றைத் தாமே கருவியில் தேடி எடுக்கத் தடுமாறுவார்.

இதற்கு எளிய மாற்று உண்டு. சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையைக் கிட்டாரில் ஒரே கைநிலையில் வாசிக்க இயலும். ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டைச் சட்சமமாகக் கொண்டால் அது ஒரு கட்டைச் சுருதி. அதே தந்தியின் நான்காம் மெட்டு ரிடபம். நான்காம் தந்தியில் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஆறாம் மெட்டுகள் முறையே காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம். மூன்றாம் தந்தியின் நான்காம் மெட்டு நிடாதம். ஐந்தாம் மெட்டு மேல் சட்சமம். கைப்பேசியில் ஒரு கட்டைத் தம்புராவை ஒலிக்கவிட்டு, சுரப்பெயரை வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக வாசித்தால், விரலும் நாவும் செவியும் ஒன்றையொன்று திருத்தத் தொடங்கும். காந்தாரம் தூக்கலாகக் கேட்குமாயின், அது எதிர்பார்க்கப்பட்டதே. தந்தியை இழுத்தால் ஒலி மேலும் உயருமேயன்றித் தாழாது. ஆகவே முந்தைய மெட்டிலிருந்து தந்தியை இழுத்துத் தூய காந்தாரத்தை எட்டுவதே வழி. ஒதுக்கலுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை எனலாம்.

தாளத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. இணையப் பாடங்கள் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் கையை மேலும் கீழும் வீசக் கற்பிக்கின்றன. இவ்வட்டாரத்து மாணவரின் உடலில் ஏற்கெனவே இருப்பதோ மும்மை நடை. ஊற்றுமலை ஜமீனின் ஆதரவு பெற்ற சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டுகள் பலவற்றில் அது ஒலிக்கின்றது. கீழ்-மேல்-கீழ் என்று மூன்றாக வீசினால் அடுத்த மூன்று மேல்வீச்சில் தொடங்கி அழுத்தம் பிறழும். கீழ்-கீழ்-மேல் என்று வீசினால் ஒவ்வொரு மும்மையும் கீழ்வீச்சில் விழும்.

சாரல் காலத்துக் கருவி

கருவியைப் பேணுதல் பற்றிய இணைய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் அறை உலர்ந்து மரம் வெடிக்கும். ஆகவே ஈரமூட்டுக என்பது அவற்றின் வழக்கமான எச்சரிக்கை. குற்றாலத்தில் இதனை அப்படியே பின்பற்றினால் கேடு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் சூன் முதல் ஆகத்து வரையிலான சாரல் காலத்தில், இங்குள்ள மரக்கருவி ஈரத்தை உறிஞ்சி உப்பும். கிட்டாரின் முன்பலகை மேலெழும்பும், குதிரை உயரும், தந்தி மெட்டிலிருந்து விலகி நிற்கும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் இரண்டு மூன்று மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய தந்தி அதனினும் உயர்ந்தால், அழுத்தும்போது கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறும். சுருதி சேர்த்த கருவி மேல்மெட்டுகளில் பிசகி ஒலிக்கும்.

மாணவர் மீண்டும் தம் செவியை ஐயுறும் இடம் இது. பரிகாரம் எளிது. வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தல், கருவியைச் சுவரில் மாட்டி வைக்காமல் உறையினுள் வைத்தல், உறையினுள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு மூன்று இடுதல், அவற்றை அவ்வப்போது மாற்றுதல். துருப்பிடித்த தந்தி சுருதியில் நில்லாது. சாரல் முடிந்ததும் தந்தி மாற்றுதல் நன்று. கோடையில் நிலைமை தலைகீழாகும். அப்போது குளிர்நாட்டார் அறிவுரை ஓரளவு பொருந்தும்.

கேட்கும் செவி

காணொலி மாணவரைப் பார்ப்பதில்லை. ஆகவே மாணவர் தம்மைத் தாமே கேட்க வேண்டும். கைப்பேசியின் ஒலிப்பதிவே இதற்குப் போதும். வாசித்த உடனே கேட்டால் விரலின் நினைவு செவியை மறைக்கும். ஒருநாள் கழித்துக் கேட்டால் பிறர் வாசிப்பைக் கேட்பதுபோல் பிழை புலப்படும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் வாசித்து அதில் இரண்டு நிமிடத்தைப் பதிவு செய்தல், வார இறுதியில் இரண்டு மணிநேரம் தொடர்ந்து வாசிப்பதைவிடப் பயனுடையது. காணொலியை அரைவேகத்தில் ஓடவிட்டு உடன் வாசிப்பது நல்ல பழக்கம். ஆனால் அரைவேகத்தில் தந்தியின் அதிர்வு நீண்டு, ஒலி இயல்பிழந்து கேட்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். விரலைப் பார்க்க அரைவேகம், ஒலியைக் கேட்க இயல்பு வேகம்.

தனிச்செவியின் எல்லை விரைவில் தெரிந்துவிடும். பதிவைக் கேட்பவரும் வாசித்தவரே. இவ்விடத்தில் இணையத்திற்கு முந்தைய ஓர் ஏற்பாட்டை நினைவுகூர்தல் பொருந்தும். இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் ‘வட்டத்தொட்டி’ என்னும் கூட்டத்தை நடத்தினார்; பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அங்கும் அன்பர்கள் கூடினர். அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. பாடலை ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பர், சுவை எங்கே நின்றது எங்கே நழுவியது என்று பேசுவர். தமிழிசை இயக்கத்தில் அவர் கொண்ட ஈடுபாட்டிற்கும் இந்தக் கேட்கும் பழக்கத்திற்கும் தொடர்புண்டு.

கிட்டார் கற்போர் இருவர் மூவர் ஓரூரில் இருந்தால் இதனைச் சிறிய அளவில் செய்யலாம். இன்று அது நடைபெறும் இடங்களுள் தேவாலயப் பாடற்குழுவின் ஒத்திகை அறை ஒன்று. அங்கே கிட்டார் வாசிப்பவரின் சுருதியைப் பாடுவோர் உடனுக்குடன் உணர்ந்துவிடுகின்றனர். பாடற்குழு இல்லாதவிடத்து, தம்புராச் செயலியும் இரண்டு மாணவரும் போதும். ஒருவர் மூன்றாம் மெட்டிலிருந்து தந்தியை மெல்ல இழுத்துக் காந்தாரத்தை நோக்கிச் செல்வார். மற்றவர் கண்களை மூடிக்கொண்டு, தம்புராவின் காந்தாரத்தோடு அது பொருந்தும் கணத்தில் கையுயர்த்துவார். பின்னர் இருவரும் இடம் மாறுவர். நான்காம் மெட்டை நேரே அழுத்தி வாசித்தால் அந்தக் கை உயராது.